உணவுக்குழாய் ஆபரேஷன்: 'எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று டாக்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் முடியப்போகின்றன. அடுத்து, எங்கள் ஊரிலேயே சாவித்துளை முறையில் (பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கேமரா விட்டு) ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். சர்ஜனின் அனுபவத்தைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?

பதில்: தயங்காமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார், தன் கணக்கு அவருக்கே மனப்பாடமாக இருக்கும்.

சாவித்துளை முறையில் நன்மை இருக்கிறது. 2012-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 115 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று திறந்த ஆபரேஷனில் 29 சதவீதம், சாவித்துளையில் 9 சதவீதம். ஆனால் அது கைபழகியவர்கள் செய்தால்தான். புற்றுநோய் வந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல ஆக்கி மார்புக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள், அந்த இணைப்பு கசிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் நான்கு ஐரோப்பிய மருத்துவமனைகளின் 646 நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். மார்புக்குள் இணைக்கும் முறை கைவர 119 ஆபரேஷன் ஆனது, பழகும் காலத்தில் 18.8 சதவீதமாக இருந்த கசிவு, பழகிய பிறகு 4.5 சதவீதமாக இறங்கியது. பழகும் காலத்தில் ஆபரேஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு வந்த கசிவு, பழகிய கையாக இருந்திருந்தால் வந்திருக்காது என்று கணக்கிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது, அந்த ஒருவரும் யாரோ ஒருவரின் அப்பாதானே.

அதனால் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். இந்தக் குறிப்பிட்ட முறையில் எத்தனை, போன வருடம் எத்தனை, எத்தனை பேருக்குக் கசிந்தது, கசிந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன், ஐ.சி.யூ. கிடைக்குமா என்று கேளுங்கள், ஏனென்றால் கசிவை அன்றைக்கே கண்டுபிடிப்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. நெதர்லாந்தில் வருடத்துக்கு 20-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனை இந்த ஆபரேஷனையே செய்யக்கூடாது என்று 2011-லேயே விதி வைத்தார்கள், என்னைக் கேட்டால் இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புது சர்ஜன் என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறையச் செய்த மூத்தவர் கூடவே நின்று செய்தால் சரி. தனியாகத் தொடங்குகிறார் என்றால் வேறு இடம் பாருங்கள். வெளிநாடு போக வேண்டியதில்லை, கோவையில் சாவித்துளை சர்ஜன் டாக்டர் பழனிவேலுவின் குழு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து 130 பேருக்குச் சாவித்துளை முறையில் உணவுக்குழாய் ஆபரேஷன் செய்த அனுபவத்தை 2006-லேயே வெளியிட்டிருக்கிறது. உங்கள் சர்ஜன் திறந்த முறையில்தான் கைதேர்ந்தவர் என்றால் திறந்தே செய்யட்டும், தழும்பு பெரிதாக இருந்தால் இருக்கட்டும்.

ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்கு எப்படியும் சில வாரம் இடைவெளி விடுவார்கள். இரண்டாவது கருத்து கேட்க அது போதும். அப்புறம், அப்பா பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், தினமும் நடக்க வையுங்கள்.