ஏறுசுவரில் நம்ம பிள்ளைகள்: கேள்வி பதில்

வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். 11 முதல் 15 வயது வரை 12 பிள்ளைகள். ஒருநாள் ஏறுசுவருக்கு (கயிறு கட்டி ஏறிப் பழகும் செயற்கைச் சுவர்) கூட்டிப்போகலாமா சார்?

ஒருநாள் மட்டும் என்றால் வேண்டாம். நாலு பேர் உச்சியைத் தொடுவார்கள். மீதிப்பேர் "நமக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் எட்டு வாரமாவது கொடுங்கள். ஒரு கயிற்றுக்கு மூன்று பேர்: ஏறுபவர், கயிறு பிடிப்பவர், அவருக்குப் பின்னால் நுனிக்கயிற்றைப் பிடிப்பவர். கயிற்றுக்கு ஒரு பயிற்சி பெற்ற பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கோடையில் காலை 6.30 முதல் 9 வரைதான். அப்புறம் சுவர் சுடும், கை வியர்த்து வழுக்கும். சாப்பிடாமல் வரும் பிள்ளை இருக்கும். யாரையும் கேட்காமல் அரை மணி முன்னதாக எல்லோருக்கும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்துவிடுங்கள்.

கயிறு பிடிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடலாமா? பயமா இருக்கு.

விட வேண்டும். என் கணிப்பில் ஏறுவதைவிட அதில்தான் பலன் அதிகம். "இவனை நம்ப முடியாது" என்றே கேட்டு வளர்ந்த பையனின் கையில் நண்பனின் உயிர் இருக்கிறது. அவன் நிற்கும் விதமே மாறும். ஆனால் முதல் இரண்டு வாரம் தரையில்தான் பழக்கம்: ஒருவன் சுவரை நோக்கி நடக்க, மற்றவன் தொய்வை இழுக்க வேண்டும். கீழ்க்கை, அதாவது கயிற்றைத் தடுத்து நிறுத்தும் கை, எந்த நொடியிலும் கயிற்றை விடக் கூடாது.

முடிச்சு: நுனியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி '8' வடிவ முடிச்சு ஒன்று. நுனியை ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) இடுப்பு வளையம், கால் வளையம் இரண்டிலும் நுழைத்து, வந்த தடத்திலேயே திரும்பக் கோர்க்க வேண்டும். ஐந்து இடத்தில் கயிறு ஜோடியாகத் தெரிய வேண்டும். பிள்ளையே விரலால் தொட்டு எண்ணட்டும். மிச்ச நுனி ஒரு சாண்.

தவறு பெரும்பாலும் முடிச்சுப் போடும்போது யாராவது பேச்சுக் கொடுப்பதால்தான் வருகிறது. 1989-ல் பிரான்சில், உலகின் தலைசிறந்த வீராங்கனைகளில் ஒருவரான லின் ஹில் முடிச்சை முடிக்காமலே ஏறி, 20 மீட்டருக்கு மேலிருந்து விழுந்தார். மரம் தாங்கியதால் பிழைத்தார்.

எடையையும் பாருங்கள். 35 கிலோ பையன் 50 கிலோ பையனைப் பிடித்தால், ஏறுபவன் விழும்போது பிடிப்பவன் அந்தரத்தில் தூக்கப்படுவான். பிடிப்பவனைத் தரையில் உள்ள நங்கூரத்தோடு கட்டுங்கள், அல்லது ஜோடியை மாற்றுங்கள்.

பாதியில் பயந்து உறைந்துவிட்டால்?

கீழே நின்று "ஏறு ஏறு" என்று கத்தாதீர்கள். "இறக்கு" என்று பிள்ளை சொன்ன நொடியே மெதுவாக இறக்குங்கள். அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் மறுபடி ஏறும். முதல் நாளே ஒரு மீட்டர் உயரத்தில் இரு கையையும் விட்டுக் கயிற்றில் உட்காரச் சொல்லுங்கள். கயிறு தாங்கும் என்பதை உடம்பு நம்ப வேண்டும். பிறகு 2, 4, 6 மீட்டரில் வண்ண டேப் ஒட்டி, எதுவரை என்பதை அவர்களே சொல்லட்டும்.

பாரிமுனையில் நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறதே?

கூடாது. இ.என். 892 என்ற ஐரோப்பியத் தர முத்திரையுள்ள 10 மி.மீ. மலையேற்றக் கயிறு மட்டும். 10 மீட்டர் சுவருக்குக் கயிறு போய்த் திரும்பவே 20 மீட்டர். 30 மீட்டராக வாங்கி, கடைசி நுனியில் முடிச்சுப் போட்டு வையுங்கள். கயிறு தீர்ந்து கையை விட்டு நழுவும் விபத்து அதனால் தடுக்கப்படும்.

மாமல்லபுரம் பாறைகள், பல்லாவரம் மலை?

மாமல்லபுரம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது, ஏறவே கூடாது. பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் என்ற பாறை உறுதியான கல்தான்; ஆனால் குவாரி வெடியில் விரிசல் விட்ட முகங்களில் கல் பெயர்ந்து விழும். பிள்ளைகளோடு போகாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஹார்னஸ் மாட்டிவிடுவது சங்கடமா இருக்கு.

ஆண், பெண் யாராயினும் பிள்ளையே மாட்டி இறுக்கட்டும்; நீங்கள் கண்ணால் சரிபாருங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, இன்னொரு பெரியவர் பார்க்கும்படி. இடுப்பு ஒடுங்கிய சிறு பிள்ளைக்கு முழு உடல் ஹார்னஸ்.

இறங்கியதும் ஒரு பிள்ளை அழுது, வீட்டில் அடிப்பதாகச் சொன்னால்?

குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்து, அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் வழக்கம்போல் இருக்கட்டும்.