பட்டியலில் பேர் இருக்கிறது, சர்ஜன் கிடைக்கவில்லை

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்கிறார் குடும்ப டாக்டர். அம்மாவிடம் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அந்தத் திட்டத்தின் டாக்டர் பட்டியலில் பார்த்து நான்கு சர்ஜன்களுக்குப் போன் செய்தேன். ஒரு நம்பர் வேலையே செய்யவில்லை. இரண்டு பேர் “இந்த அட்டையை இப்போது எடுப்பதில்லை” என்றார்கள். நான்காமவர் “அது ஆஸ்பத்திரியைப் பொறுத்தது” என்கிறார். பக்கத்திலேயே ஒரு சர்ஜனை எப்படிப் பிடிப்பது?

பதில்: நான்காமவர் தட்டிக்கழிக்கவில்லை. நான்கு போனில் உருப்படியான பதில் அது ஒன்றுதான்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தேடலை எங்கே தொடங்குவது என்பது அதைப் பொறுத்தது. 2018-இல் வந்த இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் அங்கீகாரம் ஆஸ்பத்திரிக்குத்தான், அதுவும் பிரிவு வாரியாக. இதயச் சிகிச்சைக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் பித்தப்பைக்கும் வாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் கதை வேறு. அங்கே டாக்டர் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெடிக்கெய்டை ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்துவதால், அந்த நிறுவனத்தின் பட்டியலிலும் அவர் இருக்க வேண்டும்.

எங்கே இருந்தாலும் சரி, தேடலைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். டாக்டரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போன் போடுங்கள். “போன மாதம் இந்த அட்டையில் பித்தப்பை ஆபரேஷன் செய்த சர்ஜன் யார்?” என்று கேளுங்கள். பட்டியல் பழசாக இருக்கலாம். போன மாதம் பில் போட்டவர்களுக்கு யார் செய்கிறார் என்று தெரியும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளை முதலில் பாருங்கள். அங்கே இந்த அட்டைகள் அன்றாடம் புழங்கும். காத்திருக்க வேண்டிவரும், பயிற்சி டாக்டர்கள் கூடவே இருப்பார்கள், அவ்வளவுதான். குடும்ப டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் எழுதும் நர்ஸையும் விட்டுவிடாதீர்கள். யார் எடுக்கிறார்கள், யார் சாக்குச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சர்ஜனின் கிளினிக்கில் “இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “எல்லாம் எடுக்கிறோம்” என்று ஒரு பதில் வரும். அதை நம்பி ஆபரேஷனுக்கு முதல் நாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள் நிறையப் பேர். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திட்டத்தின் முழுப் பெயரையும் எண்ணையும் படித்துக் காட்டி இப்படிக் கேளுங்கள்: “இந்தத் திட்டத்தில், இந்த டாக்டர், இந்த ஆஸ்பத்திரியில், லேப்ராஸ்கோபியில் (சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில்) பித்தப்பை எடுக்கப் புது நோயாளியை இப்போது பார்ப்பாரா?” பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சர்ஜன் சரி என்றாலும் கூட வருபவர்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். எடுத்த பித்தப்பையைப் பரிசோதிக்கும் லேப் இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் இடம் இருக்கிறது. சில நாடுகளில் இவர்கள் தனித்தனியாக பில் போடுவார்கள். இவர்களுக்கும் இதே அட்டை செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் முன் அனுமதி, அதாவது ஆபரேஷனுக்கு முன்பே திட்டத்திடம் வாங்கும் ஒப்புதல். அதற்குப் பெரும்பாலும் விண்ணப்பிப்பது ஆஸ்பத்திரியோ சர்ஜனின் அலுவலகமோதான், நீங்கள் இல்லை. ஆனால் வந்ததா என்று துரத்த வேண்டியது நீங்கள். அனுமதி எண் கைக்கு வராமல் தேதி குறிக்க விடாதீர்கள்.

யாருமே கிடைக்கவில்லையென்றால் திட்டத்தின் உதவி எண்ணில் “நீங்களே ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள், எழுத்திலும் அனுப்புங்கள். இதில் கூச்சமே வேண்டாம். மெடிக்கெய்டை நடத்தும் நிறுவனத்தின் பட்டியலில் தேவையான சிகிச்சை கிடைக்காவிட்டால், வெளி டாக்டரிடம் செய்துகொள்ள அந்த நிறுவனமே பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி. நீங்கள் போன் செய்த நான்கு பேர், தேதி, கிடைத்த பதில் எல்லாவற்றையும் கடிதத்தில் சேருங்கள்.

இந்தத் தேடலுக்கெல்லாம் அம்மாவின் உடம்பு இடம் கொடுக்கும்வரைதான் நேரம். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், மணிக்கணக்காக விடாத வலி, இதில் எது வந்தாலும் பட்டியலை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அட்டையை ஆட்டோவிலோ காரிலோ ஏறும்போதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.