கீழ்த்தளத்துப் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிப்போர் குழுவின் தொண்டூழியராக இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். புகார் வந்தால் நாங்கள் விரட்டுகிறோம். கூட்டத்துக்கும் விழாவுக்கும் அழைத்தாலோ ஒருவர்கூட வருவதில்லை. இன்றைய இளையர்களுக்கு அக்கம்பக்கத்தில் அக்கறையே இல்லையா?

வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கறை இல்லாதவர்கள் நாள்தோறும் அந்தக் கீழ்த்தளத்துக்கே வந்துகொண்டிருக்க மாட்டார்கள். மாலையில் விரட்டப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை விரட்டியவர்களின் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கம்பத்து (கிராமத்து) வாசலையும் மரத்தடியையும் விட்டு அடுக்குமாடிக்கு வந்த மக்களுக்காக, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுபதுகளிலிருந்து புளோக்குகளின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் வெறுமனே விட்டுவைத்தது. இன்னதற்கென்று ஒதுக்கப்படாத இடமாக இருந்ததால்தான், ஒரு வாரம் மலாய்த் திருமணத்துக்குப் பந்தி போட்ட அதே தூண்களுக்கிடையே மறுவாரம் சீனக் குடும்பமொன்று தன் முதியவரைக் கிடத்தித் துக்கம் காக்க முடிந்தது. 1989ஆம் ஆண்டின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை எல்லா இனத்தவரையும் ஒரே புளோக்கில் குடியமர்த்தியது உண்மைதான். ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயரை என் தலைமுறை தெரிந்துகொண்டது கீழ்த்தளத்து விளையாட்டில்தான். பின்னாளில் பாலர் பள்ளிகளும் முதியோர் நிலையங்களும் அங்கே வந்தன. அவை தேவையானவை, குறை சொல்ல மாட்டேன். எனினும், தம்பி தங்கையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் பதினான்கு வயதுப் பையனுக்கு எஞ்சிய இடம் மிகக் குறைவு. அதிலும் தடை அறிவிப்புப் பலகை நிற்கிறது.

எங்கள் புளோக்கில், பந்துச் சத்தம் தாங்காமல் அடிக்கடி புகார் செய்துவந்த இரண்டாம் மாடி மூதாட்டியிடம் அந்தப் பையன்களையே அழைத்துச் சென்றோம். அவர் பகலில் உறங்கும் நேரத்தைக் கேட்டறிந்தவர்கள், அந்நேரம் ஓசையில்லாத சதுரங்கம் ஆடுவதென்றும், பந்தாட்டத்துக்கு அருகிலுள்ள திடலுக்குப் போவதென்றும் தாங்களே முடிவுசெய்தார்கள். பெரியவர்கள் விதித்த தடையை மீறியவர்கள், தாங்கள் ஒப்புக்கொண்ட நேரத்தை மீறவில்லை.

நகர மன்றத்தின் விதிகளை உங்கள் குழு மாற்றிவிட முடியாது. ஆனால், நாற்காலி அடுக்க மட்டும் இளையர்களை அழைக்காமல், கீழ்த்தளத்தின் பயன்பாடு பற்றிய முடிவைக் கூட்டத்தின் முதற்பொருளாக வைத்து, அதை அவர்களையே முன்மொழியச் சொல்லலாம். கூட்டத்தையும் மேல்மாடி அறையில் வைக்காமல் கீழ்த்தளத்திலேயே, அவர்கள் வழக்கமாக வரும் மாலை நேரத்தில் நடத்துங்கள்.