சான் மாலோவுக்கு ரயில் ஏறும் முன்

தம்பி, பிரான்ஸில் ரென் நகரத்தில் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது, சான் மாலோ கோட்டை நகரத்துக்கு ஒரு நாள் போதுமா, செலவு கட்டுமா என்று கேட்டிருந்தாய். குளச்சல்காரன் என்றதும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் இப்போது லீவில் நாகர்கோவிலில்தான் இருக்கிறேன்.

ஒரு நாள் தாராளம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷ நடை. மதில்மேல் சுற்றி வர டிக்கெட் கிடையாது. மத்தியானத்துக்குக் கலெத் சாப்பிடு, முட்டையும் சீஸும் வைத்து மடித்த கறுப்புத் தோசை. சட்னிதான் இருக்காது.

ஆனால் ரயில் நேரத்துக்கு முன்னால் கடல் நேரத்தைப் பார். நம்ம ஊர்க் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட வராது. அங்கே பெரிய ஏற்றத்தில் 12 மீட்டரைத் தாண்டும். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு யார் சொல்லித் தர என்ற திமிரில், வற்றத்தில், அதாவது கடல் இறங்கிக் கிடந்த நேரத்தில், மணலில் நடந்தே கிராண்ட் பே தீவுக்குப் போனேன். எழுத்தாளர் சத்தோபிரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது, மேலே பெயர்கூடப் பொறிக்காமல். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் பாதையைக் காணோம்! அடுத்த வற்றம் வரைக்கும் நவம்பர் காற்றில், கையில் ஒரு பிஸ்கட் இல்லாமல் கிடந்தேன். அப்படி மாட்டினால் தண்ணீரில் இறங்கிவிடாதே, தீவிலேயே இரு. 1689இல் கட்டிய ஃபோர் நசியோனால் என்ற கடல் கோட்டைக்கும் இதே கதைதான்.

கோட்டை வாசலுக்கு வெளியே சுற்றுலா அலுவலகத்தில் கடல் அட்டவணை கிடைக்கும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஏற்றத்தின் பலத்தைக் காட்டும் ஒரு எண் போட்டிருக்கும். அது 100ஐ ஒட்டினால் பெரிய ஏற்றம். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் போனால் மத்தியானம் வற்றம், சாயங்காலம் ஏற்றம். தீவையும் பார்க்கலாம், அப்புறம் மதில்மேல் நின்று அலை அடிப்பதையும் பார்க்கலாம். சில்லோன் கடற்கரையில் அலையை உடைக்க ஓக் மரத் தடிகளை வரிசையாக மணலில் ஊன்றியிருக்கிறார்கள். நம்ம ஊரில் கல் கொட்டிய தூண்டில் வளைவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

பழைய நகரம் என்று நினைத்துப் போவாய். உள்ளே இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை உலகப்போரில், 1944 ஆகஸ்டில் தரைமட்டமாகி, பிறகு அதே கருங்கல் சாயலில் எழுப்பியவை. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பித்தது. 1746இல் சென்னைப் பட்டணத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயும் இந்த ஊர்க்காரர்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் உங்கள் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அங்கே பிடிபட்ட டிலனாய்தான் பிறகு நம்ம வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியவர். நேற்று அந்த மதிலில் நின்றபோதுகூட சான் மாலோ நினைவுதான்.

அமாவாசை என்றைக்கு என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேள், தினக் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மணி மட்டும் அட்டவணையில் பார்த்துக்கொள்.