நண்பர் வீட்டு விருந்தும் உணவக ரசீதும்: ஐரோப்பியப் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரித் தோழரைப் பார்க்க பொலோனியா சென்றிருந்தோம். நால்வர் உணவகத்தில் சாப்பிட்டோம். ரசீதில் 'கோப்பெர்த்தோ' என்று 12 யூரோ கூடுதலாக இருந்தது. ரொட்டியை யாரும் தொடவே இல்லை. இது ஏமாற்றுதானே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அது ரொட்டியின் விலை அன்று. மேசையில் அமர்ந்ததற்கும், விரிப்புக்கும் தட்டுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று இத்தாலிய உணவகங்கள் வாங்கும் கட்டணம். உணவுப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் 3 யூரோ என்று அச்சிட்டிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பட்டியலில் எங்கும் இல்லாமல் ரசீதில் மட்டும் முளைத்திருந்தால் தாராளமாக மறுக்கலாம். உங்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. பாரிஸில் நான் மூன்று பயணங்களில் வேளைதோறும் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். 'யுன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாகவே வைப்பார்கள் என்று அங்கே வாழும் தோழர் சொன்ன நாளில், அதுவரை தண்ணீருக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்து நொந்துகொண்டேன்.

கேள்வி: பாரிஸில் கடன் அட்டையை நீட்டியபோது திரையில் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டது. ரூபாய் என்றால் கணக்கு புரியும் என்று அதையே அழுத்தினேன். யூரோவில் கட்டிய நண்பருக்கு ஆனதைவிட எனக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது. பணம் திரும்புமா? (வாசகர், மதுரை)

பதில்: திரும்பாது. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்று நினைவில்லை, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறது. ரூபாயைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியில் மாற்று விகிதத்தை முடிவு செய்யும் உரிமையை உங்கள் வங்கியிடமிருந்து பிடுங்கி, அந்தக் கருவியை நடத்துபவரிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் தம் லாபத்தையும் சேர்த்தே விகிதம் போடுவார். அந்த விகிதம் திரையிலேயே காட்டப்படுகிறது, படிப்பவர்தாம் இல்லை. பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்தது என்பதால் உங்கள் வங்கி தன் கட்டணத்தையும் அதன்மேல் ஏற்றக்கூடும். ஏடிஎம் இயந்திரமும் இதே கேள்வியை 'மாற்றத்துடன் எடுக்கிறீர்களா, மாற்றமின்றியா' என்று வேறு வடிவில் கேட்கும். யூரோ புழங்கும் நாட்டில் யூரோவிலேயே கட்டுங்கள். உங்களைக் கேட்காமல் பணியாளரே ரூபாயை அழுத்தியிருந்தால் மட்டும், ரசீதை வைத்துக்கொண்டு வங்கியில் முறையிட இடமுண்டு.

கேள்வி: இத்தாலியின் மோதெனா ஊரில் நண்பர் வீட்டில் பாலாடைக்கட்டித் துண்டின்மேல் இரண்டு சொட்டு 'பால்சாமிக்' என்ற கறுப்பு வினிகர் விட்டுக் கொடுத்தார்கள், தேன்பாகு போல இருந்தது. திரும்பும்போது விமான நிலையத்தில் 'மோதெனா' என்று எழுதிய 250 மில்லி குப்பியை 14 யூரோவுக்கு வாங்கினேன். வீட்டில் திறந்தால் தண்ணீராக ஓடுகிறது, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. போலியா? (வாசகி, திருச்சி)

பதில்: போலி இல்லை அம்மா, வேறு பொருள். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று இருப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். உங்கள் நண்பர் வீட்டில் கொடுத்தது 'த்ரதிசியோனாலே' (பாரம்பரிய) என்ற சொல்லைத் தாங்கியது. காய்ச்சிய திராட்சைச் சாற்றைத் தவிர வேறெதுவும் சேராதது. ஓக், செர்ரி, முசுக்கொட்டை போன்ற பல மரங்களால் செய்த, அளவில் ஒன்றைவிட ஒன்று சிறிய பீப்பாய்களில், வீட்டுப் பரணில் கோடை வெப்பத்தையும் குளிர்காலக் குளிரையும் வாங்கிக்கொண்டு குறைந்தது 12 ஆண்டுகள் கிடக்கும். 'எக்ஸ்த்ராவெக்கியோ' (மிகப் பழையது) என்றால் 25 ஆண்டுகள். நீங்கள் வாங்கியது திராட்சைச் சாற்றோடு ஒயின் வினிகரைக் கலந்தது. அதற்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காலம் 60 நாட்கள். 12 ஆண்டும் 60 நாளும் ஒரே ஊர்ப் பெயரைச் சுமந்து அருகருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் சட்டப்படி சரியானவை. சாதாரணக் குப்பிக்கு அரக்கு முத்திரையும் நாடாவும் கட்டி, அதைத் தாத்தா காலத்துப் பொக்கிஷம் போல நிறுத்தும் விற்பனைத் தந்திரம்தான் எனக்குப் பொறுப்பதில்லை. நான் வாங்கிய குப்பியில் பொன்னெழுத்தில் '25' என்று பெரிதாக இருந்தது. ஆண்டு என்று எங்கும் எழுதவில்லை. நானாகவே 25 ஆண்டு என்று நினைத்துக்கொண்டு 28 யூரோ கொடுத்தேன். பின்பக்கச் சீட்டில் முதல் சேர்பொருளே ஒயின் வினிகர். அந்தக் குப்பி இன்றும் அடுக்களையில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறது, வீட்டில் அதை எடுத்துப் போட விடமாட்டேன் என்கிறார்கள்.

அடுத்த முறை மூன்றைப் பாருங்கள். 'த்ரதிசியோனாலே' என்ற சொல் இருக்க வேண்டும். சீட்டில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய முத்திரை சிவப்பும் மஞ்சளுமாக இருக்க வேண்டும், நீலமும் மஞ்சளுமானது மற்றதற்கு உரியது. மோதெனாவுடையதானால் குப்பி, கார் வடிவமைப்பாளர் ஜொர்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்து கொடுத்த, உருண்டை வயிறு கொண்ட 100 மில்லி குப்பியாகவே இருக்கும். 14 யூரோவுக்கு அது கிடைக்காது. உங்கள் குப்பியைக் கொட்டிவிடாதீர்கள், வெள்ளரிக்காய், தக்காளிக்கு நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். இத்தாலிய நண்பர் பரிசளித்த பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டியைச் சாப்பிடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைத்தான் அதில் சேர்க்கிறார்கள், விதியே அப்படி. முடிவு உங்களுடையது.

கேள்வி: பிராங்க்பர்ட்டில் பழைய அலுவலக நண்பர்களோடு பத்து நாள் இருந்துவிட்டுச் சென்னை திரும்பினேன். இயந்திரக் கோளாறு என்று விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. உணவுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அதோடு கணக்கு தீர்ந்தது என்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: தீரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிமுறைப்படி, ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானமானாலும், சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் இழப்பீடு உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், உங்களுடையதைப் போன்ற தாமதத்துக்கு அது ஆளுக்கு 600 யூரோ. உணவு தருவது அவர்களுடைய தனிக் கடமை, இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வழக்கமான இயந்திரக் கோளாறு அந்த விலக்கில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஏறும் அட்டையின் படத்தையும், கோளாறு என்று அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தியையும் இணைத்து, விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, தொகையைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டைக் காட்டினால் மறுத்துவிட்டுப் பணமாகவே கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள்; பதில் எழுத நானே உதவுகிறேன்.

கேள்வி: பாரிஸ் தோழிக்காக வீட்டில் உருக்கிய நெய்யும் ஒரு கட்டு கறிவேப்பிலையும் கொண்டு போனேன். சுங்கத்தில் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். முறையிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முடியாது. பால் பொருட்களைப் பயணிகள் வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டு போகத் தடை. பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். லா ஷபேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கறிவேப்பிலையைத் தோழி அங்கேயே வாங்கிக்கொள்வார். நெய்க்காக வருந்துகிறேன்.

கேள்வி: பெர்லினில் தண்ணீர் பாட்டிலுக்கு விலைக்கு மேல் 25 சென்ட் வாங்கினார்கள். குடித்துவிட்டு பாட்டிலை எறிந்துவிட்டேன். யாரிடம் கேட்பது? (வாசகர், சேலம்)

பதில்: எறிந்த குப்பைத் தொட்டியிடம். அது பாட்டிலுக்கான வைப்புத்தொகை. கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும்.