லினக்ஸில் சாஃப்ட்மோடம் (டயல்-அப் காலம், 2006): உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உள் மோடத்தை (கம்ப்யூட்டருக்குள் இருந்து ஃபோன் லைன் வழியாக நெட்டில் சேர்க்கும் கார்டு) லினக்ஸில் ஓட வைப்பது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வியோடு சிப்பின் அடையாள எண்ணையும் அனுப்புங்கள். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்' கொடுத்தால் வரும். முன்னால் நாலு எழுத்து, நடுவில் முக்காற்புள்ளி, பின்னால் நாலு எழுத்து. அது இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது.

கேள்வி: விண்டோஸில் அருமையாக ஓடும் மோடம், உபுண்டு 6.06-ல் 'மோடம் கிடைக்கவில்லை' என்கிறது. கார்டு பழுதா சார்? (விருதுநகர்)

பழுதில்லை. உங்களிடம் இருப்பது பாதி மோடம், அதாவது சாஃப்ட்மோடம். முழு மோடத்தில் முக்கியமாக இரண்டு பகுதி உண்டு. ஒன்று கன்ட்ரோலர்: கம்ப்யூட்டர் அனுப்பும் ஏடி கட்டளைகளை (மோடத்துக்கான எழுத்துக் கட்டளைகள்) புரிந்துகொண்டு டயல் செய்யும், லைனை வைக்கும், பிழை திருத்தும். இன்னொன்று டிஎஸ்பி: பிட்டுகளை ஒலியாக்கும், வருகிற ஒலியைப் பிட்டுகளாக்கும். விலையைக் குறைப்பதற்காகக் கம்பெனிகள் முதலில் கன்ட்ரோலரை எடுத்தார்கள். பிறகு டிஎஸ்பியையும் எடுத்தார்கள். ஃபோன் லைனோடு இணைக்கும் பகுதியும், ஒலியை எண்ணாக்கும் சிப்பும்தான் கார்டில் மிச்சம். மற்ற வேலை எல்லாம் உங்கள் பென்டியத்தின் தலையில். அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கான சிடியில் இருக்கிறது. லினக்ஸுக்கும் அது கிடைத்தால் மோடம் ஓடும். கிடைக்காவிட்டால் டயல் செய்யும் புரோகிராமான கேபிபிபி-யில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஓடாது.

கேள்வி: என் எண் 11சி1:0448. நம்பிக்கை உண்டா? (கரூர்)

நிறைய உண்டு. லூசென்ட் சிப், பிறகு ஏகியர் என்று பெயர் மாறியது. இதில் டிஎஸ்பி கார்டிலேயே இருக்கிறது, கன்ட்ரோலர் மட்டும்தான் இல்லை. அதனால் சிபியுவுக்குச் சுமை குறைவு. எல்டி-மோடம் டிரைவரை உங்கள் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றபடி கம்பைல் செய்து (சோர்ஸ் கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்றி) ஏற்றினால் டிடிஒய்எல்டிஎம்0 என்ற சாதனம் வரும். டயலரில் அதைக் கொடுங்கள். ஆனால் 11சி1 என்று தொடங்கினாலே போதும் என்று நினைக்க வேண்டாம். 048சி டிஎஸ்பியும் இல்லாத சாஃப்ட்மோடம், இந்த டிரைவருக்கு அடங்காது.

ஒரு எச்சரிக்கை: கர்னலை அப்டேட் செய்தால் டிரைவரையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கான சோர்ஸை அப்டேட்டுக்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட் போன பிறகு எங்கிருந்து இறக்குவீர்கள்?

கேள்வி: லேப்டாப்பில் 8086:24சி6, இன்டெல் ஏசி97 மோடம் என்று வருகிறது. இன்டெல் டிரைவரைப் போட்டேன், வேலை செய்யவில்லை. (பாளையங்கோட்டை)

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்எஸ்பிசிஐ காட்டுவது மதர்போர்டு சிப்செட்டில் உள்ள ஒரு கன்ட்ரோலரை (முன்பு சொன்ன மோடம் கன்ட்ரோலர் இல்லை). அதிலிருந்து போகும் பாதையின் மறுமுனையில் கோடெக் என்று இன்னொரு சிறு சிப் இருக்கிறது. எந்த மென்பொருள் வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த கோடெக்தான். அதை இன்டெல் செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம் மாட்யூலை (கர்னலில் சேரும் டிரைவர்) ஏற்றுங்கள். பிறகு மோடத்தை அடையாளம் காணும் ஸ்கேன்மோடம் ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். அறிக்கையில் கோடெக்கின் பெயர் இருக்கும். 'எஸ்ஐஎல்27' மாதிரி எஸ்ஐஎல் என்று தொடங்கினால் ஸ்மார்ட்லிங்க்கின் எஸ்எல்மோடம்-டி போதும். 'சிஎக்ஸ்டி' என்று தொடங்கினால் கோனெக்சன்ட், அதற்கு வேறு டிரைவர்.

எஸ்ஐஎல் என்று வந்திருந்தால் உங்களுக்கு ஒரு வசதி கூடுதல். கர்னலுக்குள் ஓடும் பகுதி ஆல்சாவோடு வருகிறது, சோர்ஸ் திறந்தது. மூடிய பகுதி கர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமாக ஓடுகிறது. அதனால் கர்னல் மாறினாலும் பெரும்பாலும் உடையாது. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எல்-மோடம்-டீமன் என்ற பெயரில் தொகுப்பாகவே கிடைக்கிறது. அதை ஆல்சா வழியில் ஓட்டினால் டிடிஒய்எஸ்எல்0 உருவாகும்.

அப்புறம், டயல் செய்யும் புரோகிராமான டபிள்யூவிடயலின் கட்டமைப்புக் கோப்பில் 'கேரியர் செக்' என்ற வரிக்கு 'நோ' கொடுங்கள். டிடிஒய்எஸ்எல்0 உண்மையான சீரியல் போர்ட் இல்லை. கேரியர் (மறுமுனை மோடத்தின் ஒலி) வந்ததா என்ற சிக்னலை அது தராது. டபிள்யூவிடயல் அதற்குக் காத்திருந்து, இணைந்த லைனையே துண்டித்துவிடும்.

கேள்வி: 'நோ டயல்டோன்' என்கிறது. ஃபோனை எடுத்தால் டோன் கேட்கிறது. (தேனி)

அமெரிக்க டயல்டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸை ஒட்டியது. நாட்டை மாற்றிக் கொடுக்காத மோடம் அமெரிக்க டோனைத் தேடிக்கொண்டிருக்கும். தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 சேருங்கள், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும்.

கேள்வி: மோடம் ஓடவில்லை, உதவுங்கள். (ஈரோடு)

எண்?

கேள்வி: இணைப்பு கிடைக்கிறது, ஐபி முகவரியும் வருகிறது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. (நாகர்கோவில்)

உங்கள் மோடம் நன்றாக இருக்கிறது. நெட்வொர்க் கார்டு ஈத்0 வழியாக ஏற்கெனவே ஒரு டீஃபால்ட் ரூட் (நெட்டுக்குப் போகும் வழி) இருக்கும். டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி அதை மாற்றாது, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். ஈத்0-வை இறக்கிவிட்டு டயல் செய்யுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பிபிபிடி அமைப்பில் 'யூஸ்பியர்டிஎன்எஸ்' சேருங்கள், தளப் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வரை மறுமுனையிடமே கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று வருகிறது. (மூன்று பேர்)

வேறொரு கர்னலுக்கு கம்பைல் செய்த மாட்யூல். 'யுநேம் -ஆர்' காட்டும் பதிப்புக்கான ஹெட்டர்களை (கம்பைல் செய்யத் தேவையான கர்னல் கோப்புகள்) நிறுவி மறுபடி கம்பைல் செய்யுங்கள். கர்னல் ஜிசிசி கம்பைலரின் எந்தப் பதிப்பில் கட்டப்பட்டதோ அதே பதிப்பு இருக்கட்டும். இதைத்தான் கரூர்க்காரருக்கும் சொன்னேன்: அப்டேட்டுக்கு முன் சோர்ஸ்.

கேள்வி: 14எஃப்1 சிப். இலவச டிரைவரில் 14.4 கேபிபிஎஸ் மேல் போகவில்லை. முழு வேகத்துக்குப் பணம் கேட்கிறார்கள். லினக்ஸுக்குப் பணமா அண்ணா? (சேலம்)

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதும் முன்பே உங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ஒருவர், "மூடிய டிரைவரைப் போடுவதற்கு விண்டோஸிலேயே இருக்கலாமே" என்கிறார். இன்னொருவர், "ரிசல்ட் பார்க்க நெட் வேண்டும், கொள்கை வேண்டாம்" என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

14எஃப்1 என்றால் கோனெக்சன்ட். அந்தச் சிப்புகளுக்கு டிரைவர் தருவது கனடாவின் லினக்ஸன்ட் கம்பெனி. 2004 ஏப்ரலில் இவர்களுடைய டிரைவரால் கர்னல் அஞ்சல் பட்டியலில் பெரிய விவாதம் நடந்தது. ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமம் என்ன என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஜிபிஎல் போன்ற திறந்த உரிமம் என்றால் கர்னல் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். மூடியது என்றால் கர்னல் 'கறைபட்டது' என்று குறித்துவிடும், அதற்குப் பிறகு வரும் பிழைகளை டெவலப்பர்கள் பார்க்க மாட்டார்கள். லினக்ஸன்ட் அந்த வரியில் 'ஜிபிஎல்' என்று எழுதி, உடனே ஒரு பூஜ்ய எழுத்தை வைத்து, அதற்குப் பின்னால் 'ஜிபிஎல் கோப்புறையில் உள்ளவற்றுக்கு மட்டும்' என்று தொடர்ந்திருந்தார்கள். கர்னல் எழுதப்பட்ட சி மொழியில் பூஜ்யம் வந்தால் சொற்றொடர் முடிந்தது. கர்னல் ஜிபிஎல் வரை படித்துவிட்டு நம்பிவிட்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்புகின்றன, அதற்காகத்தான் செய்தோம் என்று கம்பெனி விளக்கம் சொன்னது.

குழப்பம் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் செய்தது தவறு. உங்கள் கர்னல் விழுந்தால் யாரிடம் போவது என்று சொல்வதற்கு இருக்கும் ஒரே குறி அது. அதை அழித்தால், தான் பார்க்கவே முடியாத கோடின் பிழையை எவரோ ஒரு தன்னார்வலர் ராத்திரி உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார்.

"அப்படியானால் வாங்கக் கூடாதா" என்று மறுபடி கேட்கிறீர்கள். லேப்டாப்பில் கோனெக்சன்ட் பதிந்திருந்தால், வேறு வழியும் இல்லையென்றால், வாங்குங்கள். வேலை செய்கிற டிரைவர்தான். டெஸ்க்டாப் என்றால் அந்தப் பணத்தை வெளி சீரியல் மோடத்தில் போடுங்கள். கம்பெனி நாளை கடையை மூடினால் உங்கள் டிரைவர் அன்றைய கர்னலோடு நின்றுவிடும். ஏடி கட்டளை பேசும் மோடத்துக்கு யாருடைய தயவும் வேண்டாம். கொள்கையும் நடைமுறையும் இதில் ஒன்றாகவே வருகின்றன, அதனால் சண்டையை இதோடு விடலாம்.

கேள்வி: பிராட்பேண்ட் வந்துவிட்டதே, இன்னும் ஏன் டயல்-அப் பேச்சு? (சென்னை)

உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்கு வரவில்லை. கேட்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

கேள்வி: 56கே மோடம், ஆனால் அனுப்பும்போது மிக மெதுவாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

56கே மோடங்களின் தரமான வி.90-ல் 56 என்பது இறங்கும் திசைக்கு மட்டும்: நொடிக்கு 8000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றிலும் 7 பிட். ஏறும் திசையில் உச்சமே 33.6 கேபிபிஎஸ். லைனில் இரைச்சல் இருந்தால் இரண்டுமே குறையும். சாஃப்ட்மோடத்தில் சிபியு திணறினாலும் லைன் அறுந்துபோகலாம், டவுன்லோடு நேரத்தில் கம்பைல் வேண்டாம்.

கேள்வி: ஆபீஸ் இன்டர்காம் லைனில் மாட்டலாமா? (ஓசூர்)

டிஜிட்டல் இபிஏபிஎக்ஸ் (ஆபீஸின் சொந்த எக்ஸ்சேஞ்ச்) என்றால் மாட்டவே மாட்டாதீர்கள், மோடம் எரிந்துபோகலாம். அப்படியே இன்னொன்று: இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஃபோன் வயரையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: எண் எப்படிப் பார்ப்பது? (ஈரோடு, மறுபடி)

முதல் பத்தி.

கேள்வி: பிரிண்டர் கண்டுபிடிக்கவில்லை. (மதுரை)

என் துறை இல்லை. லினக்ஸில் பிரிண்டரை நடத்தும் கப்ஸ் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி மோடம் வாங்கலாமா? அதுவும் வெளி மோடம்தானே? (திண்டுக்கல்)

வெளியே இருப்பதாலேயே முழு மோடம் ஆகிவிடாது, யூஎஸ்பி-யிலும் சாஃப்ட்மோடங்கள் உண்டு. மாட்டியதும் டிடிஒய்ஏசிஎம்0 என்ற சாதனம் வந்தால் முழு மோடம், வாங்குங்கள். கடைக்காரர் சோதிக்க விடாவிட்டால் சீரியல் மோடத்துக்குப் போங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி சீரியல் மோடம் வாங்கினேன். கூட வந்த சிடியில் லினக்ஸ் டிரைவரே இல்லை! (புதுக்கோட்டை)

தேவையில்லை. முதல் சீரியல் போர்ட்டில் மாட்டி, அடாப்டரைப் போட்டு, நிர்வாகி (ரூட்) கணக்கில் டபிள்யூவிடயல்கான்ஃப் ஓட்டுங்கள். அந்த போர்ட்டின் சாதனமான டிடிஒய்எஸ்0-வில் மோடம் இருப்பதை அதுவே கண்டுபிடித்துக் கோப்பில் எழுதிவிடும். டயல் செய்யும் எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் நிரப்புங்கள். ஏடிஎக்ஸ்3 மட்டும் மறக்க வேண்டாம்.