நாக்குக்குப் பெரிதாகத் தெரிவது ஏன்?

வணக்கம். கடைவாய்ப் பல்லில் ஃபில்லிங் பெயர்ந்த இடம் நாக்குக்குப் பெரிய குழியாகத் தெரிகிறது, கண்ணாடியில் பார்த்தால் மிளகளவுகூட இல்லை, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். அளவைப் பொறுத்தவரை கண்ணாடியை நம்புங்கள். எனக்கும் ஒருமுறை பல் முனை உடைந்தபோது பாதிப் பல்லே போய்விட்டதென்று இரவெல்லாம் தூங்கவில்லை, அதனால் உங்கள் பதற்றம் புரிகிறது.

நாக்கு நுனியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளைக்கூட தனித்தனியாக உணர முடியும். விரல் நுனிக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வேண்டும், முதுகிலோ 4 செ.மீ. அளவுக்கு இடைவெளி தேவை. உணர்வு கூடிய இடத்துக்கு மூளையும் அதிக இடம் ஒதுக்குகிறது. அங்கே படும் பொருள் பெரிதாகத் தோன்றுவது இதனால்தான். அதோடு நாக்கு மெத்தென்று வளைந்து குழிக்குள்ளேயே நுழைந்துவிடும், விரல் மேலோடு நின்றுவிடும்.

ஜெர்மானிய உடலியலாளர் வேபர் 1834-லேயே இதை எழுதிவிட்டார். வீட்டிலேயே பார்க்கலாம். ஹேர்பின்னின் இரு முனைகளையும் ஒரு செ.மீ. விரித்துக் காதருகிலிருந்து கன்னம் வழியாக உதடு வரை மெல்ல நகர்த்துங்கள். கண்ணை மூடிக்கொண்டால் முனைகள் தானாக விலகுவதுபோல இருக்கும்!

சரி, சின்னக் குழிதான் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே சொத்தை பரவலாம். குண்டூசியால் குத்திப் பார்க்க வேண்டாம், இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதை மெல்லாதீர்கள்.